மூன்று வருடமாக 'கேஸ் இல்லை' என்கிறார்கள்: கத்திரிக்கு முன் ஏசி சர்வீஸ்

கொசப்பேட்டைக்காரன் | ஏப்ரல் 12, இரவு 10.20

எங்கள் படுக்கையறையில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி. வாங்கியபின் இது ஐந்தாவது கோடை. முதல் இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் வருடம் பங்குனியில் சர்வீஸுக்கு வந்தவர் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் இறங்கிவிட்டது" என்று ஏற்றிக் கொடுத்தார். 2,500 ரூபாய். போன வருடம் வேறொருவர் வந்தார். அதே வசனம், 2,800. இன்று வந்த மூன்றாமவர் 3,200 கேட்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

இரவு 10 மணிக்குப் போட்டால் 2 மணிக்குத்தான் அறை குளிர்கிறது. கத்திரி தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஏசி கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகிற பொருளா? ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை விடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி நெடுஞ்சாலை | ஏப்ரல் 12, இரவு 10.48

கேஸைப் பற்றிப் பேசும் முன் பில்டரைக் கழற்றிப் பார்த்தீர்களா? எங்கள் வீட்டுக்கும் பெங்களூர் நெடுஞ்சாலைக்கும் நடுவே ஒரே ஒரு தெரு. பதினைந்து நாள் விட்டால் பில்டரில் கம்பளி விரித்ததுபோல் தூசி படிந்துவிடும். போன வருடம் எனக்கும் கேஸ் இல்லை என்றார்கள். பில்டரைக் குழாயடியில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டினேன். அத்தோடு சரியாகிவிட்டது.

பழைய மெக்கானிக், ராணிப்பேட்டை | ஏப்ரல் 13, காலை 6.05

தம்பி, 28 வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன். நான் சொல்வது என் தொழில்காரர்கள் சிலருக்குக் கசக்கும். இருந்தாலும் சொல்கிறேன்: கேஸ் தீராது. மூடிய செம்புக் குழாய்க்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. அறைக்குள் வெப்பத்தை வாங்கி ஆவியாகும், வெளியே போய் வெப்பத்தைக் கொட்டிவிட்டுத் திரவமாகித் திரும்பும். எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. குறைந்துவிட்டது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் ஏற்றுகிறவர், பஞ்சரான டியூபில் காற்றடித்து அனுப்புகிறார்.

இன்னொன்று. உங்களுடையது இன்வெர்ட்டர். கம்ப்ரசர் மெதுவாக ஓடும்போது மீட்டர் ஒன்று காட்டும், முழு வேகத்தில் ஓடும்போது வேறொன்று காட்டும். ஆர்-22 என்ற பழைய வகை கேஸ் போட்ட ஏசியில் மீட்டர் ஊசி எழுபதுக்குப் பக்கத்தில் நின்றால் போதும் என்று பழகிய கைகள், இதிலும் ஊசியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன. வெளி யூனிட்டின் பக்கவாட்டில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அதில் அச்சடித்திருப்பார்கள். இருப்பதை வெளியே எடுத்து, வேக்யூம் போட்டு, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சிவிட்டு, அந்த எடைக்கு ஏற்றுவதுதான் முறை. உங்கள் வீட்டுக்கு வந்த மூவரில் யாராவது தராசு கொண்டுவந்தார்களா?

கொசப்பேட்டைக்காரன் | ஏப்ரல் 13, காலை 7.30

தராசா? சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்கள் அண்ணா. வேறெதையும் நான் பார்க்கவில்லை. பில்டரை மாதம் இருமுறை கழுவுகிறேன், அதில் குறையில்லை. தகட்டைப் பார்த்தேன்: ஆர்-32, 820 கிராம்.

பழைய மெக்கானிக், ராணிப்பேட்டை | ஏப்ரல் 13, காலை 7.52

சரி. கையால் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஏசியை 16 டிகிரியில் வைத்து, அதன் விசிறி வேகத்தை முழுதாக வைத்து, கால் மணி நேரம் ஓட விடுங்கள். ஒரு வெப்பமானியை மேலே காற்றை உள்ளிழுக்கும் இடத்தில் வைத்து அளவைக் குறியுங்கள். பிறகு காற்று வெளியே வரும் வாயில் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே பத்து டிகிரியை ஒட்டி வித்தியாசம் இருந்தால் ஏசி நலமாக இருக்கிறது. ஐந்தோ ஆறோ வந்தால் கோளாறு.

பிறகு மாடிக்குப் போய் வெளி யூனிட்டில் சேரும் இரண்டு குழாய்களைப் பாருங்கள், ஒன்று மெல்லியது, மற்றது தடித்தது. மெல்லியதில் மட்டும் வெண்ணிறமாக உறைபனி பூத்து, தடித்தது உலர்ந்து வெதுவெதுப்பாக இருந்தால் கேஸ் குறைவு. தடித்த குழாய் வரைக்கும் பனி பிடித்திருந்தால் உள்ளே காற்றோட்டம் இல்லை, 'காயில்' என்கிற குளிரூட்டும் சுருள்குழாயில் அழுக்கு. இரண்டிலும் உள்ளே ஐஸ் கட்டும். அதனால்தான் ஐஸைப் பார்த்தவுடன் எல்லாரும் கேஸ் என்று சொல்லிவிடுகிறார்கள்.

கொசப்பேட்டைக்காரன் | ஏப்ரல் 13, இரவு 9.15

மகனின் மீன் தொட்டி வெப்பமானியை இரவல் வாங்கினேன். உள்ளே போகும் காற்று 31, வெளியே வரும் காற்று 26. மெல்லிய குழாயில் சுண்டுவிரல் நீளத்துக்கு வெள்ளையாகப் பனி. தடித்த குழாய் காய்ந்து கிடக்கிறது. ஆக, கேஸ் உண்மையிலேயே இல்லை. மூன்று பேர் மீதும் பழி போட்டேனே என்று கொஞ்சம் உறுத்துகிறது.

பழைய மெக்கானிக், ராணிப்பேட்டை | ஏப்ரல் 13, இரவு 9.40

உறுத்த வேண்டாம். கேஸ் இல்லை என்றது உண்மை. ஏன் இல்லை என்று மூவரும் தேடவில்லை, அதுதான் தப்பு.

காட்பாடி மூன்றாவது மாடி | ஏப்ரல் 14, காலை 8.10

தப்பு முழுவதும் மெக்கானிக் தலையில்தானா? 399 ரூபாய்க்கு சர்வீஸ் என்று விளம்பரம் பார்த்துக் கூப்பிடுகிறோம். அந்தப் பணத்தில் பாதியை விளம்பரம் போட்டவர் எடுத்துக்கொள்கிறார். மீதிக்கு அந்தப் பையன் எத்தனை மணி நேரம் ஓட்டை தேடுவான்?

பழைய மெக்கானிக், ராணிப்பேட்டை | ஏப்ரல் 14, பிற்பகல் 2.25

நியாயமான கேள்வி. கத்திரியில் எனக்கு ஒரு நாளைக்கு முப்பது அழைப்பு வரும். சூடேறிய பாறை மலைகள் நம் வேலூரைச் சுற்றி நிற்கின்றன, இரவிலும் அனல் அடங்காது. எல்லாருக்கும் இன்றே வேண்டும். ஓட்டை தேடுவது என்றால் நைட்ரஜன் சிலிண்டரை மாடிக்குத் தூக்க வேண்டும், அழுத்தம் ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவ வேண்டும். அரை நாள் போய்விடும். வெளி யூனிட்டைப் பாதிப் பேர் கைப்பிடிச் சுவருக்கு வெளியே, கால் வைக்க இடமில்லாத சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். பையனை இடுப்பில் கயிறு கட்டி இறக்குகிறோம். ஏசி வாங்கும்போது நாற்பதாயிரம் கொடுத்தவர், எட்டக்கூடிய இடத்தில் மாட்டுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஆகவே மாசியில் கூப்பிடுங்கள். மாசியில் நான் உங்கள் வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே ஓட்டை தேடுவேன். சித்திரையில் அழைத்தால் சிலிண்டரோடுதான் வருவேன்.

ஒரு எச்சரிக்கை: அழுத்தச் சோதனைக்கு நைட்ரஜன் மட்டுமே. வெல்டிங் கடையிலிருந்து யாராவது ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள். குழாய்க்குள் கம்ப்ரசர் எண்ணெய் இருக்கிறது. எண்ணெயும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். ஆர்-32 தீப்பற்றக்கூடிய கேஸ் என்பதால் பற்றவைக்கும் வேலைக்கு முன் அதை முழுதாக வெளியேற்றியாக வேண்டும்.

பாகாயம் அக்கா | ஏப்ரல் 14, மாலை 6.30

ஏசியைப் பற்றி மட்டும் பேசினால் எப்படி? எங்கள் வீட்டில் கீசர்தான் ஆண்டுக்கு ஒருமுறை காசு கேட்கிறது. 15 லிட்டர், உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பி ஒவ்வொரு மார்கழியிலும் போகிறது. போன முறை அடித்தட்டைக் கழற்றியபோது முறத்தில் கொட்டிப் பார்த்தோம். முட்டை ஓடு நொறுங்கியதுபோல் வெள்ளைச் செதில்கள், அரைப் படி இருக்கும். எல்லாம் போர் தண்ணீர் செய்த வேலை. உருப்படியாக என்ன செய்யலாம்?

பழைய மெக்கானிக், ராணிப்பேட்டை | ஏப்ரல் 14, இரவு 8.00

அக்கா, உப்புத் தண்ணீர் கொதித்தால் சுண்ணாம்பு பிரிந்து கம்பியின் மேல் ஓடாகப் படியும். சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் கம்பி தன்னையே எரித்துக்கொள்ளும். சூட்டை 50, 55 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள், படிவு குறையும். ஐப்பசியிலேயே கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கம்பியோடு மெக்னீசியக் கோல் ஒன்று இருக்கும். தொட்டிக்குப் பதிலாகத் துருவைத் தான் வாங்கிக்கொண்டு கரைவதுதான் அதன் வேலை. பென்சில் அளவுக்கு இளைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். கோலை மாற்றாமல் விட்டால் அடுத்து தொட்டி ஓட்டையாகும். பாதுகாப்பு வால்வின் சிறு கைப்பிடியைத் தூக்கிப் பாருங்கள், தண்ணீர் பீய்ச்ச வேண்டும். இறுகிப்போயிருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

கழிப்பறை ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். எலுமிச்சை உப்புக் கரைசலே போதும்.

சத்துவாச்சாரி நெடுஞ்சாலை | ஏப்ரல் 14, இரவு 8.35

தண்ணீர் பேச்சு வந்ததால் ஒரு யோசனை. ஆர்.ஓ. எந்திரத்திலிருந்து வீணாகப் போகும் தண்ணீரைப் பிடித்து வைத்து ஏசி வெளி யூனிட்டைக் கழுவுகிறேன். தண்ணீரும் மிச்சம், யூனிட்டும் சுத்தம்.

காட்பாடி மூன்றாவது மாடி | ஏப்ரல் 14, இரவு 8.41

ஐயோ, வேண்டாம்! ஆர்.ஓ. கழித்துவிடுகிற தண்ணீர் போர் தண்ணீரைவிட உப்பானது. நல்ல தண்ணீரை உங்களுக்குக் கொடுத்துவிட்டு உப்பை எல்லாம் அதில்தானே தள்ளுகிறது? அலுமினியத் தகடுகளுக்கு நடுவே அது காய்ந்தால் வெள்ளைப் பூச்சு படிந்து காற்றே போகாது. வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

சத்துவாச்சாரி நெடுஞ்சாலை | ஏப்ரல் 14, இரவு 8.55

இரண்டு வருடமாகச் செய்திருக்கிறேன். நாளை மாடிக்குப் போய்ப் பார்க்கிறேன்.

சத்துவாச்சாரி நெடுஞ்சாலை | ஏப்ரல் 15, காலை 7.05

பார்த்தேன். விபூதி பூசியதுபோல் இருக்கிறது. மேற்கொண்டு எதுவும் கேட்காதீர்கள்.

வேலப்பாடி வாத்தியார் | ஏப்ரல் 15, காலை 10.30

வடார்க்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்து ஆள் நான், 1989-க்கு முந்தையவன். நீங்கள் எல்லாரும் இயந்திரத்துக்கு வைத்தியம் பார்க்கிறீர்கள், மொட்டை மாடியை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பகல் முழுவதும் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் இரவு முழுவதும் அறைக்குள் அனலைக் கொட்டுகிறது. கொசப்பேட்டைத் தம்பியின் அறை மேல் தளத்தில்தானே இருக்கிறது? ஒவ்வொரு மாசியிலும் நான் மாடியைக் கழுவிவிட்டுச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடிக்கிறேன். நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்தால் காலில் ஒட்டாது. வெறுங்காலோடு நண்பகலில் நிற்கலாம், அதுதான் சோதனை. எங்கள் வீட்டில் ஒரு டன் ஏசியே போதுமானதாக இருக்கிறது.

ஏர் கூலர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சித்திரையின் வறண்ட காற்றில் அது நன்றாக வேலை செய்யும், ஐப்பசி ஈரத்தில் வெறும் விசிறிதான். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து துடைக்காவிட்டால் டெங்கு கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

குடியாத்தம் டு டொராண்டோ | ஏப்ரல் 15, இரவு 11.50

பிறந்தது குடியாத்தம், பனியில் கிடப்பது இங்கே. இங்கே வீட்டைச் சூடாக்க நிலத்தடி அறையில் எரிவாயு உலை இருக்கிறது. புரட்டாசி வாக்கில் வருடாந்திர சோதனைக்கு ஆள் வருவார். பில்டர் மாற்றுவது என் வேலை. அவருடைய முக்கிய வேலை, உலைக்குள் இருக்கும் வெப்பமாற்றியில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது. விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக் காற்றோடு கலக்கும். நிறமில்லை, மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதற்காகவே படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் எச்சரிக்கைக் கருவி மாட்டியிருக்கிறோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன தையில் ஊருக்கு வந்தபோது உறவினர் வீட்டில் சிலிண்டரில் எரியும் கேஸ் கீசரைக் குளியலறைக்கு உள்ளேயே மாட்டியிருந்தார்கள். குளிர் அடிக்கிறது என்று ஜன்னலையும் அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். ஆபத்து இங்கும் அங்கும் ஒன்றுதான், அங்கே எச்சரிக்கைக் கருவிகூட இல்லை. சண்டை போட்டு மறுநாளே வெளிச் சுவருக்கு மாற்ற வைத்தேன்.

பாகாயம் அக்கா | ஏப்ரல் 16, காலை 6.50

என் நாத்தனார் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது. இப்போதே போன் செய்கிறேன்.

பழைய மெக்கானிக், ராணிப்பேட்டை | ஏப்ரல் 16, காலை 7.15

கொசப்பேட்டைத் தம்பி, ஓட்டைக்கு வருவோம். கேஸ் தனியாகக் கசியாது, கூடவே எண்ணெயும் துளித்துளியாக வரும். எண்ணெயில் தூசி ஒட்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வெளி யூனிட்டில் குழாய் சேரும் பித்தளை நட்டுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். உங்கள் வீட்டருகே திறந்த சாக்கடை இருக்கிறதா என்றும் சொல்லுங்கள். சாக்கடை வாயு செம்பைக் கறுக்க வைக்கும், நாளடைவில் காயிலில் ஊசித் துளை விழும். தோல் தொழிற்சாலைப் பக்கம் இருக்கும் வீடுகளில் நான் அதிகம் பார்த்த கோளாறு அது. அப்படியானால் காயிலையே மாற்ற வேண்டும், செலவு கூடும்.

கொசப்பேட்டைக்காரன் | ஏப்ரல் 16, மாலை 6.40

சாக்கடை தெருக்கோடியில் இருக்கிறது, வீட்டை ஒட்டி இல்லை. நட்டுகளைப் பார்த்தேன். மெல்லிய குழாயின் நட்டுக்குக் கீழே கறுப்பாக, தாளித்த வாணலியின் அடிபோலப் பிசுபிசுப்பு. விரலால் தொட்டால் வழுக்குகிறது. தடித்த குழாயின் நட்டு சுத்தமாக இருக்கிறது. மூன்று வருடமாக இது என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது!

பழைய மெக்கானிக், ராணிப்பேட்டை | ஏப்ரல் 16, மாலை 6.58

தப்பித்தீர்கள். குழாயின் வாயைப் புனல்போல விரித்துத்தான் நட்டுக்குள் உட்கார வைப்பார்கள். மாட்டியவர் பலத்தைக் காட்டி இறுக்கியிருப்பார், விரித்த விளிம்பு வெடித்திருக்கும். மேலும் இறுக்கிப் பார்க்காதீர்கள், விரிசல் பெரிதாகும். அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாக விரிக்க வேண்டும். உள்ளூரில் யாரைக் கூப்பிட்டாலும் நான்கு கேள்வி கேளுங்கள்: நைட்ரஜன் இருக்கிறதா, வேக்யூம் பம்ப் இருக்கிறதா, தராசு இருக்கிறதா, நட்டை அளவோடு இறுக்கும் டார்க் ஸ்பேனர் இருக்கிறதா. நான்கில் இரண்டோ அதற்குக் குறைவோதான் இருக்கிறது என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

காட்பாடி மூன்றாவது மாடி | ஏப்ரல் 17, காலை 9.00

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பற்றிக் கொசப்பேட்டைக்காரர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் இரண்டு வகையும் போட்டு அனுபவித்தவன். ஒன்றில் வருடத்துக்கு இத்தனை முறை வந்து கழுவிக் கொடுப்பார்கள், உதிரிபாகத்துக்கு நாம்தான் பணம் தர வேண்டும். மற்றொன்றில் கேஸ், கம்ப்ரசர் எல்லாம் சேர்த்தி, கட்டணம் அதிகம். இரண்டாம் வகை போட்டும் எனக்கு ஏமாற்றம்தான். காயில் அரிப்பு இதில் சேராது என்று நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. மின்பலகைக்குள் பல்லி விழுந்து கருகியதும் சேராதாம். என்னைக் கேட்டால் ஐந்து வருடத்துக்கு மேலான ஏசிக்கு ஒப்பந்தம் வேண்டாம். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, நம்பகமான ஒரு மெக்கானிக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். பல்லி நுழையும் துளைக்கு மட்டும் வலை ஒட்டிவிடுங்கள்.

பாகாயம் அக்கா | ஏப்ரல் 17, காலை 9.35

இதை நான் ஏற்கவில்லை. வீட்டில் வயதானவர்களோடு தனியாக இருக்கும் பெண்களுக்கு நம்பகமான மெக்கானிக்கைத் தேடுவது உங்களுக்கு இருப்பதுபோல் எளிதல்ல. ஒப்பந்தம் இருந்தால் யார் வந்தார்கள் என்று ஒரு பதிவாவது இருக்கும். பொடி எழுத்தைப் படித்துவிட்டுப் போடலாம் என்பதே என் கட்சி.

காட்பாடி மூன்றாவது மாடி | ஏப்ரல் 17, காலை 9.50

அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை அக்கா.

கொசப்பேட்டைக்காரன் | ஏப்ரல் 24, இரவு 9.30

வேலை முடிந்தது. நான்கு கேள்வியையும் போனிலேயே கேட்டேன். முதல் இருவர் வைத்துவிட்டார்கள். மூன்றாவதாகப் பேசிய பையன், "டார்க் ஸ்பேனரைப் பற்றிக் கேட்கிற முதல் ஆள் நீங்கள்தான் சார்" என்று சிரித்துவிட்டு வந்தார். நட்டைக் கழற்றியதும் என்னை அழைத்துக் காட்டினார். விரித்த விளிம்பில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். வெட்டி, புதிதாக விரித்து, நைட்ரஜன் ஏற்றிவிட்டு, மறுநாள் காலை வந்து பார்த்தார். ஊசி அசையவில்லை. அரை மணிக்கு மேல் வேக்யூம், பிறகு தராசில் சிலிண்டரைக் கவிழ்த்து வைத்து 820 கிராம். கையோடு உள் யூனிட்டுக்கு வாட்டர் சர்வீஸ், வடிகால் குழாயில் அடைத்திருந்த பாசியையும் எடுத்தார். சுவர் பிளக்கின் ஒரு துளை சூட்டில் பழுப்பேறியிருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார், அதையும் மாற்றியாயிற்று. மொத்தம் 5,100.

மீன் தொட்டி வெப்பமானி: உள்ளே 30, வெளியே 18.

வேலப்பாடி வாத்தியார் | ஏப்ரல் 25, காலை 6.15

மகிழ்ச்சி. இனி 16-ல் வைத்துத் தூங்காதீர்கள். புது ஏசிகள் 24-ல் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதியே இருக்கிறது. இரண்டு மாத மின்கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குக் கட்டணமும் சேர்ந்து ஏறிவிடும். 24-ல் வைத்து விசிறியையும் மெதுவாகச் சுழல விடுங்கள். மாடிக்குச் சுண்ணாம்பு எப்போது?

கொசப்பேட்டைக்காரன் | ஏப்ரல் 25, காலை 7.00

ஞாயிற்றுக்கிழமை ஐயா. சுண்ணாம்பு வாங்கிவிட்டேன், பசை எவ்வளவு கலப்பது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். மகன் வெப்பமானியைத் திருப்பிக் கேட்கிறான், மீன்களுக்குச் சூடாக இருக்கிறதாம்.